முதற்பிரதியின் விலை

நூல் வெளியீட்டு விழா என்ற பெயரில் எமது நாட்டிலே நடைபெற்றுவரும் ஒரு சடங்கைப் பற்றிச் சற்று வெளிப்படையாகப் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும், மட்டக்களப்பிலும் ஹற்றனிலும், எம்மவர் புலம்பெயர்ந்து வாழும் லண்டனிலும் ரொறன்ரோவிலுங்கூட, இச்சடங்கின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றேதான். மங்கல விளக்கு ஏற்றப்படும். தமிழ்மொழி வாழ்த்துப் பாடப்படும். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை என்பன ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். பின்னர் நூலை வெளியிட்டு வைக்குமாறு ஒரு பெரியவர் அழைக்கப்படுவார். முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ளுமாறு வேறொருவர் அழைக்கப்படுவார். இரண்டாமவர் பெரும்பாலும் ஒரு வர்த்தகர். அவர் மேடைக்கு வருவார். பட்டு நாடாவாற் கட்டிய நூலைப் பெற்றுக்கொள்வார். கடித உறையொன்றை நூலாசிரியரின் கையில் வைப்பார். படம் பிடிப்பவர் இருவரையும் சற்றுத் தம் பக்கம் பார்க்கச் சொல்வார். இருவரும் பார்ப்பார்கள். நூலை மட்டும் அந்த மேடையில் எவரும் பார்ப்பதில்லை.

முதற்பிரதியோடு சடங்கு முடிந்துவிடுவதில்லை. அடுத்துச் 'சிறப்புப் பிரதிகள்' வழங்கப்படும். ஒலிபெருக்கியின் முன் நிற்பவர் நீண்டதொரு பட்டியலை வாசிப்பார். நகைக்கடை உரிமையாளர், மொத்த வியாபாரி, அரிசி ஆலைச் சொந்தக்காரர், வைத்தியர், சட்டத்தரணி, ஓய்வுபெற்ற அதிபர் என்று அப்பட்டியல் இறங்கிச் செல்லும். கூர்ந்து கவனித்தால் அது அகர வரிசையுமன்று, வயது வரிசையுமன்று, வாசிப்பின் வரிசை நிச்சயமாக அன்று என்பது புலனாகும். உறையின் கனத்தை முன்கூட்டியே ஊகித்து வகுத்த வரிசை அது.

அந்த உறையினுள் இருப்பது நூலின் விலையா, அன்றி ஆசிரியருக்கு அளிக்கும் கொடையா? இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. கேட்பது நாகரிகமன்று என்று கருதப்படுகின்றது. நாம் கேட்கின்றோம்.

நூலின் அட்டையில் அறுநூறு ரூபாய் என்று விலை அச்சிடப்பட்டிருக்கின்றது என வைத்துக்கொள்வோம். உறையினுள் பத்தாயிரம் ரூபாய் இருக்கின்றது. அறுநூறு ரூபாய் நூலுக்குரிய விலை, அதிற் பேச்சில்லை. எஞ்சிய ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய் எதற்கு? கொடை என்பீர்களாயின், கொடைக்கு மேடை எதற்கு? ஒலிபெருக்கி எதற்கு? பொன்னாடை எதற்கு? மறுவாரப் பத்திரிகையில் வெளிவரும் நிழற்படம் எதற்கு? கொடுத்ததற்குப் பதிலாக ஒன்றைப் பெற்றுக்கொண்டால் அது விற்பனைதான். ஆனால் விற்பனையில் வாங்குபவனும் விற்பவனும் சமமாக நிற்பார்கள். பொருளில் குறை கண்டால் வாங்கியவன் கேட்பான், விலை போதாதென்றால் விற்பவன் மறுப்பான். இங்கே இருவருக்கும் அந்த உரிமை கிடையாது. வாங்கியவர் வள்ளலாகிவிட்டார், விற்றவர் நன்றிக்கடன்பட்டவராகிவிட்டார். விலையென்று வெளிப்படையாகச் சொல்ல முடியாத விலை, கொடையென்று நேர்மையாகச் சொல்ல முடியாத கொடை. இவ்விரண்டும் கலந்த கலவையே முதற்பிரதியின் உறையினுள் இருக்கின்றது. எமது இலக்கிய உலகின் நோய்கள் பலவற்றுக்கு இக்கலவையே மூலம் என்பது எமது முடிவு.

சில காலத்துக்கு முன் நாம் சென்றிருந்த ஒரு விழாவில் நடந்ததைக் கூறுகின்றோம். சிறப்புப் பிரதிகள் வழங்கி முடிந்து, வடையும் தேநீரும் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்த வேளை. வாயிலருகே மேசையொன்றில் நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. பாடசாலைச் சீருடையை அப்போதுதான் மாற்றிக்கொண்டு வந்தவன்போலத் தோன்றிய மாணவனொருவன் மேசையருகே நின்று நூலைப் புரட்டினான். இரண்டு மூன்று பக்கங்களை நின்றபடியே வாசித்தான். பின்னர் விலை என்னவென்று கேட்டான். மேசையில் இருந்தவர், 'விலையென்று ஒன்றுமில்லைத் தம்பி, விரும்பியதைக் கொடுக்கலாம்' என்றார். மாணவனின் கண்கள் மேசையில் திறந்து கிடந்த கொப்பியின் மீது விழுந்தன. அதில் பெயர்களுக்கு எதிரே ஐயாயிரம், இரண்டாயிரம், பத்தாயிரம் என்று எழுதப்பட்டிருந்தது. அவன் கை காற்சட்டைப் பைக்குள் சென்றது. அப்படியே வெளியே வந்தது. நூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அவன் போய்விட்டான். அன்றைய மண்டபத்தில் அந்நூலின் பக்கங்களை வாசித்துப் பார்த்தவன் எமக்குத் தெரிந்தவரையில் அவன் ஒருவனே. அவனிடம் இருந்தது விலை. அங்கே கேட்கப்பட்டதோ கொடை. வாசகனை வாயிலோடு திருப்பி அனுப்பிவிட்டு, வாசியாதவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் விழாவை இலக்கிய விழா என்று அழைப்பது எவ்வாறு?

இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் எம்மை மறிப்பார்கள். 'அச்சுக்கூலி என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? எழுத்தாளன் என்ன, மாளிகையிலா வாழ்கிறான்?' என்பார்கள். தெரியும். எம்மிற் பலர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து இரவில் உறக்கமின்றிக் கிடந்தவர்களே. இந்நாட்டில் ஒரு தமிழ் நூல் பெரும்பாலும் முந்நூறு அல்லது ஐந்நூறு பிரதிகளே அச்சாகின்றது. அதனை வாங்கி விநியோகிக்க நாடளாவிய அமைப்பொன்று கிடையாது. புத்தகக் கடையில் வைத்தால் கழிவு போக எஞ்சிய பணம் எப்போது வருமென்று சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது கடதாசி இன்றிப் பத்திரிகைகள் அச்சை நிறுத்தின. மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கடதாசிக்கும் மைக்கும் அன்று ஏறிய விலை எழுத்தாளனின் தலையிலே விழுந்தது. ஓர் ஆசிரியர் தமது பத்தாண்டுக் கதைகளைத் தொகுத்து நூலாக்குவதற்கு மனைவியின் நகையை ஈடு வைக்கின்றார் என்றால், வெளியீட்டு விழா அவருக்குக் கொண்டாட்டமன்று. ஈட்டை மீட்கும் வழி. உறையை எதிர்பார்த்து நிற்கும் அவருடைய கையை நாம் இகழவில்லை. அந்தக் கையை நீட்டவைத்த ஏற்பாட்டையே எதிர்க்கின்றோம்.

புலவனுக்கும் புரவலனுக்கும் உள்ள உறவு தமிழிலே புதியதன்று என்று சொல்பவர்களும் உளர். மெய்தான். ஆனால் அந்தப் பழைமையைத் துணைக்கழைப்பவர்கள் அதனை முழுமையாக அழைக்கட்டும். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்றொரு புலவர் இருக்கின்றார். மலைகளைக் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் வேண்டிச் சென்றவர் அவர். அதியமான் அவரை நேரிற் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைப் பெற மறுத்தார். தம்மைக் காணாமல், தமது கல்வியின் அளவை அறியாமல் தந்த பொருளைப் பெற்றுச் செல்வதற்குத் தாம் பரிசிலை வாணிகமாகச் செய்பவர் அல்லர் என்றார்; தம்மை அறிந்து தருவது மிகச் சிறிதாயினும் போதும் என்றார். வறுமையில் வாடிய ஒரு புலவர், ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மரபிலே நின்றுகொண்டு, கொடையும் வாணிகமும் எந்த இடத்தில் ஒன்றோடொன்று கலந்து கெடுகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் கண்டார். காணாமற் கொடுத்ததை அவர் வாணிகம் என்றார். வாசியாமல் வாங்குவதை நாம் வள்ளன்மை என்கின்றோம்!

பாரதியின் வாழ்விலும் ஒரு பாடம் இருக்கின்றது. 1919ஆம் ஆண்டில் அவர் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவிகள் எழுதி அனுப்பினார். பழைய மரபின் கடைசிக் கதவை அவர் தட்டிப் பார்த்தார் என்றே கொள்ளவேண்டும், அது திறக்கவில்லை. மறு ஆண்டிலே அவர் செய்தது யாது? தமது எழுத்துக்கள் அனைத்தையும் நாற்பது நூல்களாக அச்சிட்டு ஆயிரக்கணக்கிலே பரப்பும் பெருந் திட்டமொன்றை வகுத்து, நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். அதில் அவர் கேட்டது கொடையன்று, கடன். வட்டியோடு திருப்பித் தருவதாக எழுதினார். தமது நூல்கள் விலைக்கு விற்கும், மக்கள் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில் நின்று கேட்டார். அத்திட்டம் நிறைவேறவில்லை, 1921இல் அவர் மறைந்துவிட்டார். ஆனால் மன்னனிடம் பரிசில் கேட்ட கவிஞன், அடுத்த ஆண்டிலே மக்களை நம்பிக் கடன் கேட்கும் மனிதனாக மாறிய அந்த நகர்வு இருக்கின்றதே, அதுதான் நவீன தமிழிலக்கியத்தின் நகர்வு. நாமோ நூறாண்டுக்குப் பின்னும் எட்டயபுரத்து வாசலிலேயே நின்றுகொண்டிருக்கின்றோம். மன்னனின் இடத்தில் மொத்த வியாபாரி இருக்கின்றார் என்பதே வேறுபாடு.

இனி, அந்த ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய் எதனை வாங்குகின்றது என்ற கேள்விக்கு வருவோம். பொன்னாடையும் நிழற்படமும் வெளியே தெரிபவை. அவற்றால் பெருந்தீங்கு விளைந்துவிடப் போவதில்லை. தெரியாமல் வாங்கப்படுவது வேறொன்று. அது மௌனம்.

முதலில் விமர்சகனின் மௌனம். விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது எமது கிராமத்து விவசாயியின் உரிமை. தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. நூலைக் கொடைப் பொருளாக்கியவுடனே பல்லைப் பிடித்துப் பார்க்கும் உரிமை பறிபோய்விடுகின்றது. ஆகவேதான் வெளியீட்டு மேடையில் விமர்சன உரை மறைந்து நயவுரை தோன்றியது. 'இந்நூல் ஈழத்து இலக்கியத்தின் மைல்கல்' என்ற வசனத்தை எத்தனை மேடைகளிலே கேட்டிருக்கின்றோம்! மைல்கற்கள் இத்தனை நாட்டப்பட்ட பின்னரும் பாதை ஏன் நீளவில்லை என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் முதல் வரிசையில் இருப்பவரின் முகம் கோணும். அடுத்த நூலுக்கு அவர் வரமாட்டார்.

அதனினும் கொடியது எழுத்தாளனின் மௌனம். கடைச் சிப்பந்திகளின் வாழ்வைப் பற்றிய கதையொன்று அடங்கிய சிறுகதைத் தொகுதியின் வெளியீட்டை எண்ணிப் பாருங்கள். காலை எட்டு மணிக்குக் கடை திறந்தது முதல் இரவு கதவடைக்கும்வரை உட்கார ஓர் ஆசனமின்றி நிற்கும் இளம் பெண்களைப் பற்றி ஆசிரியர் உள்ளம் உருக எழுதியிருக்கின்றார். முதற்பிரதியைப் பெறுபவரோ அத்தகைய கடையொன்றின் முதலாளி. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்று வேலை நேரத்தை வகுத்திருக்கின்றது. அச்சட்டம் தமது கடையில் எவ்வாறு நடைமுறையில் இருக்கின்றதென்று அந்த முதலாளியை அந்த மேடையில் யார் கேட்பார்? ஆசிரியரா? அவருடைய அடுத்த தொகுதியில் அப்படியொரு கதை இடம்பெறுமா? எவரும் அவரைத் தடுக்கமாட்டார்கள். பயமுறுத்தவும் மாட்டார்கள். 'நல்ல மனிதர், எமக்கு உதவியவர்' என்ற ஒரு நினைவு போதும். பேனா தானாகவே வேறு திசைக்குத் திரும்பிவிடும். தணிக்கை அதிகாரியின் சிவப்பு மையைக் கண்டால் எழுத்தாளனுக்குக் கோபம் வரும், போராடுவான். நன்றியுணர்வின் தணிக்கையை அவன் தணிக்கையென்றே உணர்வதில்லை. செஞ்சோற்றுக்கடன் கர்ணனை எந்த அணியில் நிற்கவைத்தது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

பிறர் குற்றத்தை மட்டும் பேசுவது எமது நோக்கமன்று. எம்மைப் போன்ற சஞ்சிகைகளின் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'நல்வாழ்த்துக்கள்' என்ற ஒற்றைச் சொல்லும் கீழே ஒரு கடையின் பெயருமாக வெளிவரும் விளம்பரங்கள் எமக்கும் பழக்கமானவையே. எந்தப் பொருளையும் விளம்பரம் செய்யாத விளம்பரங்கள் அவை. தமது விளம்பரத்தால் ஒரு சவர்க்காரக் கட்டிகூட மேலதிகமாக விற்காதென்பது கொடுப்பவருக்கும் தெரியும், எமக்கும் தெரியும். ஒரு முறை, நன்றாக எழுதப்படாத நூலொன்றைப் பற்றி எமக்கு வந்த கடுமையான விமர்சனமொன்றை, 'அடுத்த இதழில் பார்க்கலாம்' என்று நாம் ஒத்திவைத்தோம். அடுத்த இதழிலும் இடமிருக்கவில்லை. அந்நூலின் முதற்பிரதியைப் பெற்றவர் எமது பின்னட்டை விளம்பரதாரர். அவர் எம்மிடம் ஒரு சொல்லும் கூறவில்லை என்பதை இங்கு நேர்மையாகப் பதிவு செய்கின்றோம். கூறவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. எமது வெட்கம் அதுதான்.

கொடுப்பவனும் வாங்குபவனும் ஒருவனேயாகும்போது வாங்கப்படுபவன் கடனாளியாகின்றான் என்பதை எமது மலையகத்தின் வரலாறு இதைவிடக் கொடூரமான முறையில் எழுதிவைத்திருக்கின்றது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிவந்த கங்காணி, முதலிலே அவர்களுக்கு முன்பணம் கொடுத்தான். வழிச்செலவுக்குக் கொடுத்தான், பழைய கடனைத் தீர்க்கக் கொடுத்தான். பஞ்சத்தில் வாடியவனுக்கு அவன் ஆபத்பாந்தவனாகத் தோன்றினான். அந்த முன்பணமே தோட்டத்தில் கடனாகித் தொழிலாளியின் காலில் விலங்காயிற்று. வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பியவர்களின் கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' என்னும் சீட்டு, கடனோடு ஆளையும் சேர்த்துக் கைமாற்றியது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கொழுந்து பறித்து முதுகு வளைந்தவனின் துன்பத்தையும் மேடையில் பொன்னாடை பெறும் எழுத்தாளனின் சங்கடத்தையும் நாம் ஒன்றாக வைக்கவில்லை. அது அத்தொழிலாளிக்குச் செய்யும் அவமதிப்பாகும். நாம் சுட்டுவது ஒரு விதியை மட்டுமே: உழைப்புக்கு உரிய விலையைக் கொடுக்காமல் உதவியைக் கொடுப்பவன், உழைப்பை மட்டுமன்றி உழைப்பவனின் வாயையும் வாங்கிக்கொள்கின்றான். எழுத்தாளனின் துண்டு கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதப்பட்டிருக்கின்றது, அவ்வளவே.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். புரவலர்களின் உறையை நம்பியே இலக்கியம் வளரவேண்டுமென்றால் எந்த இலக்கியம் வளரும்? சாதியத்தின் கொடுமையை உள்ளிருந்து எழுதிய கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் நூலாக வந்தது. ஆலயத்திலும் தேநீர்க் கடையிலும் மறிக்கப்பட்ட மனிதர்களின் போராட்டத்தை எழுதியவனுக்கு, மறித்தவர்களின் பெட்டகத்திலிருந்து உறை வந்திருக்குமா? 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை'யை எண்ணிப் பாருங்கள். அவர் அச்சஞ்சிகையைக் கையிலே சுமந்து வீதி வீதியாகச் சென்று விற்றார். அதன் விலையைக் கொடுத்து வாங்கியவர்களுள் ஆசிரியர் இருந்தார், எழுதுவினைஞர் இருந்தார், தொழிலாளி இருந்தார், மாணவன் இருந்தான். கொடுத்த சதத்துக்குச் சஞ்சிகை கிடைத்தது. கணக்கு அங்கேயே தீர்ந்தது. பிடிக்காத கட்டுரையைத் திட்டுவதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது, திட்டினார்கள், மறுமாதமும் வாங்கினார்கள். சஞ்சிகை பல பத்தாண்டுகள் நின்றது. ஆயிரம் கைகளிலிருந்து வந்த சில்லறைக்கு எந்தக் கையின் முகத்தையும் பார்த்து எழுதவேண்டிய தேவை இல்லை.

'உங்கள் பேச்சினால் நல்ல மனம் படைத்த நாலு பேரும் ஒதுங்கிவிடுவார்கள்' என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு சொல். முதற்பிரதி வாங்குவோர் அனைவரும் புகழுக்கு அலைபவர்கள் என்று நாம் கூறவில்லை. சிறுவயதில் படிக்க வசதியின்றிக் கடையிற் சேர்ந்து, தாம் இழந்த கல்வியின் மீது கொண்ட ஏக்கத்தினாலேயே நூல்களுக்கு உதவும் வர்த்தகர்களை நாம் அறிவோம். அவர்களின் நெஞ்சம் பெரியது. ஆயின், ஓர் இலக்கியத்தின் உயிர் சில மனிதரின் நெஞ்சத்தின் அளவிலே தொங்கிக்கொண்டிருக்கலாமா? அவர் மறைந்தால், அவருடைய வியாபாரம் நொடித்தால், அவருடைய மகனுக்கு இதில் நாட்டமில்லாதுபோனால், இலக்கியமும் நொடித்துவிட வேண்டியதுதானா? அத்தகைய நல்ல மனிதருக்கு நாம் இழைக்கும் அநீதியும் ஒன்றுண்டு. அவரை ஒரு வாசகராக நாம் மதிப்பதே இல்லை. நூலைப் பற்றி அவர் என்ன எண்ணினார் என்று எந்த ஆசிரியராவது பின்னொரு நாள் அவரிடம் போய்க் கேட்டதுண்டா? உறையை வாங்கிக்கொண்டோம், ஆளை விட்டுவிட்டோம். பெருஞ்சித்திரனாரைக் காணாமல் விட்ட அதியமானின் பிழையை இங்கே எழுத்தாளரும் செய்கின்றார்.

அப்படியாயின் செய்யவேண்டியது யாது? குறை கூறிவிட்டுக் கைகழுவுவது முற்போக்காளரின் வழியன்று. வழிகள் உண்டு; அவை புதியனவும் அல்ல.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் சேர்த்தார். ஒருவர் முழுவதையும் தாங்காமல், பலர் தத்தமக்குரிய பிரதியின் பொருட்டுப் பொறுப்பேற்கும் முறை அது. ஒரு நூலுக்கு இருநூறு பேர் முன்பதிவு செய்து விலையைத் தந்தால் அச்சுக்கூலியின் பெரும்பகுதி கிடைத்துவிடும். இருநூறு பேர் என்பது பெரிய தொகையா? எமது மாகாணங்களில் உள்ள ஆசிரியர்களின் தொகையை எண்ணிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எமது அண்டையிலுள்ள கேரளத்தில் 1945இல் பன்னிரண்டு எழுத்தாளர்கள் கோட்டயத்திலே கூடி, 120 ரூபாய் மூலதனத்துடன் சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எம். பி. பால் அதன் முதல் தலைவர். எழுத்தாளனுக்கு நூற்றுக்கு முப்பது வீதம் உரிமைத்தொகை கொடுத்துக்கொண்டே அச்சங்கம் மலையாள நூல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இலங்கையிலும் முற்போக்கு எழுத்தாளர்கள் கூட்டுறவுப் பதிப்பகம் அமைத்து நூல்களை வெளியிட்டதுண்டு. 1970களில் வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் வெளியிட்ட ஈழத்து நாவல்களை மக்கள் கடையில் விலை கொடுத்து வாங்கினார்கள். எந்த மேடைக்கும் ஏறாமலே வாங்கினார்கள். ஆகவே 'எம்மவர் புத்தகம் வாங்கமாட்டார்கள்' என்பது வரலாறன்று, சோம்பலின் சாட்டு.

வெளியீட்டு விழாக்களை நிறுத்தும்படி நாம் கேட்கவில்லை. அவற்றின் ஒழுங்கை மாற்றும்படி கேட்கின்றோம். நூலின் விலை அட்டையில் அச்சிடப்படவேண்டும். அவ்விலைக்கே அனைவருக்கும், முதல் வரிசையில் இருப்பவருக்கும் கடைசி வரிசையில் நிற்பவனுக்கும், அது விற்கப்படவேண்டும். மேலதிகமாகக் கொடுக்க மனமுள்ளவர் இருக்கின்றாரா? நன்று. அவர் அட்டை விலைக்கே பல பிரதிகளை வாங்கட்டும். வன்னியின் பாடசாலைகளுக்கும் தோட்டப் பாடசாலைகளுக்கும் அவற்றை அனுப்பட்டும். அவருடைய பத்தாயிரம் ரூபாய் அப்போது ஒரு மனிதனை வளைக்காது. பல மாணவரை நிமிர்த்தும். முதற்பிரதியை ஒருவருக்கு வழங்கித்தான் ஆகவேண்டுமென்றால், அதனை அச்சுக்கூடத்தில் அந்நூலைக் கட்டிய தொழிலாளிக்கு வழங்குங்கள். அல்லது அந்நூலை முன்னரே வாசித்துக் கேள்வியோடு வரும் ஒரு மாணவிக்கு வழங்குங்கள். உரையாற்றுபவருக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கும் உரிமையை மீளக் கொடுங்கள்.

எம்மைப் பொறுத்தவரையில், முதற்பிரதி கைமாறும் நிழற்படங்களை இச்சஞ்சிகை இனி வெளியிடாது. பின்னட்டை விளம்பரத்துக்கு வீதமொன்றை அச்சிட்டு, எவர் கொடுத்தாலும் அவ்வீதத்தையே பெறுவோம். அதற்கு மேலொரு சதமும் பெறோம். முன்னர் ஒத்திவைத்த அந்த விமர்சனம் அடுத்த இதழில் வெளிவரும். விளம்பரதாரர் விலகிச் சென்றால், சஞ்சிகையின் பக்கங்கள் குறையும். குறைந்த பக்கங்களிலே நிமிர்ந்து எழுதுவோம்.

ஆனால் இவையெல்லாம் நிலைப்பது உங்கள் கையில் இருக்கின்றது. இதனை வாசிக்கும் ஆசிரியர்களே, மாணவர்களே, நூலை இரவல் வாங்கி வாசிப்பதும், ஆசிரியர் கையொப்பமிட்டு இலவசமாகத் தருவாரென்று காத்திருப்பதும் எம்மிடையே பெருமையாகக் கருதப்படும் பழக்கங்கள். இலவசப் பிரதியை எதிர்பார்க்கும் ஒவ்வொரு வாசகனும் எழுத்தாளனை உறையை நோக்கி ஓரடி தள்ளுகின்றான். புரவலனை உண்டாக்கியவன் புரவலன் மட்டுமல்லன். விலை கொடாத வாசகனுந்தான். மாதம் ஒரு நூலை, அதன் அட்டையிலுள்ள விலையைக் கொடுத்து வாங்குங்கள். தனியொருவரால் இயலாதாயின் நால்வர் சேர்ந்து வாங்குங்கள். வாசியுங்கள். பிடிக்கவில்லையாயின் ஆசிரியருக்கு அதனை எழுதுங்கள். விலை கொடுத்தவர்கள் நீங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

அன்று வாயிலோடு திரும்பிய அந்த மாணவன் எங்கோ ஒரு பாடசாலையில் படித்துக்கொண்டிருக்கின்றான். அவனுடைய காற்சட்டைப் பையிலிருந்த பணத்துக்கு ஒரு நூலை விற்கக்கூடிய மேசையொன்றை அமைத்துக் கொடுப்பதே எமது முன்னுள்ள வேலை. எழுத்தாளன் நன்றி சொல்லவேண்டியதில்லை. அவனும் நன்றி சொல்லவேண்டியதில்லை. ஒருவன் எழுதினான், மற்றவன் விலை கொடுத்து வாங்கினான், இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள் என்ற நிலை வந்தாற் போதும். இலக்கியம் அங்கிருந்து தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.